தலைகீழாக வைத்தால் ஏன் ஓடுகிறது?

"டீச்சர், கேம் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் வட்டு ஓடுகிறது. நேராக வைத்தால் ஓட மாட்டேன் என்கிறது. ஏன்?"

அறிவியல் கழகக் கூட்டம் முடிந்து எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய நேரத்தில் படிவம் 3 மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. அந்தப் பெட்டி அவருடைய அண்ணனுடையது. அண்ணன் இப்போது ஜொகூர் பாருவில் வேலை செய்கிறார், தீபாவளிக்கு வீட்டுக்கு வருவார். அதற்குள் பெட்டியைச் சரிசெய்து வைத்து அண்ணனை அசத்த வேண்டும் என்பது தம்பியின் திட்டம்.

பெட்டியைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்கு அவர் கொண்டு போயிருக்கிறார். "வட்டு டிரைவைத் தொட்டால் ஓடுகிற கொஞ்சமும் ஓடாது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமா, "அதான் கவிழ்த்து வைத்தால் ஓடுகிறதே, அப்படியே விளையாடு" என்றாராம். நண்பன் ஒருவன், "உள்ளே ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைக் கொஞ்சம் திருப்பிவிடு, எல்லாம் சரியாகிவிடும்" என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறான். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், யார் பேச்சைக் கேட்பது?

நானும் உடனே பதில் சொல்லவில்லை. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் யார் சொல்வது சரி என்று சொல்ல முடியாது. எனவே, முதலில் உள்ளே போவோம்.

ஐந்து கிலோமீட்டர் பாதை

சிடி என்று நாம் அழைக்கும் வட்டு 1982-ஆம் ஆண்டு கடைக்கு வந்தது. ஃபிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. முதலில் பாட்டுக்கு, பிறகு கணினிக்கு, பிறகு கேம் பெட்டிகளுக்கு.

வட்டின் பளபளக்கும் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வானவில் நிறங்கள் தெரியும். அந்த நிறங்களுக்குக் காரணம் அங்கே மிக நெருக்கமாகச் சுற்றிச் செல்லும் ஒரு பாதை. அது ஒரே பாதைதான். நடுவில் தொடங்கி, கொசுவத்திச் சுருள் போலச் சுற்றிச் சுற்றி வெளி ஓரத்தில் முடிகிறது. ஒரு முழு வட்டில் அந்தப் பாதையை நேராக இழுத்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே உள்ள தூரம் 1.6 மைக்ரோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றை எடுத்து வட்டின்மேல் வைத்தால், அதன் அடியில் நாற்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் மறைந்துவிடும்.

அந்தப் பாதை முழுக்கக் குழிகள். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் அகலம். நீளம் மட்டும் ஒரு மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைவிலிருந்து மூன்றுக்குச் சற்று மேல்வரை மாறிக்கொண்டே இருக்கும். அந்த நீள வேறுபாட்டில்தான் விளையாட்டு முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது: பாத்திரங்கள், பாட்டு, பின்னணிப் படம், எல்லாமே.

இந்தக் குழியை எப்படிப் படிப்பது? ஊசி வைத்துத் தொட முடியாது. ஒளியால்தான் தொட வேண்டும். டிரைவில் உள்ள லேசர், 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளியைக் கீழிருந்து பாய்ச்சுகிறது. குழி இல்லாத இடத்தில் ஒளி நன்றாகத் திரும்பி வருகிறது. குழி உள்ள இடத்தில் திரும்பும் ஒளி மங்கிவிடுகிறது. ஏன் தெரியுமா? குழியின் ஆழம், பிளாஸ்டிக்குக்குள் அந்த ஒளிக்கு இருக்கும் அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. போகும்போது கால், வரும்போது கால், ஆக மொத்தம் அரை அலைநீள வேறுபாடு. குழியில் பட்டுத் திரும்பிய அலையின் முகடும் பக்கத்தில் பட்டுத் திரும்பிய அலையின் அகடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. படிவம் 4 இயற்பியலில் அலைகளின் குறுக்கீடு படிக்கும்போது, "இது எதற்கு உதவும்?" என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வேண்டுமா? பாலிகார்பனேட் என்னும் அந்தப் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் 1.55. 780-ஐ 1.55-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 503 நானோமீட்டர். அதில் கால் பங்கு 126 நானோமீட்டர். குழியின் ஆழம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஓடும் குறியை அடிக்கும் வில்லை

இனித்தான் கடினமான பகுதி. வட்டு சும்மா நிற்கவில்லை. இசை வட்டு வேகத்தில், உள்பக்கத்தைப் படிக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றும், வெளிப்பக்கத்தைப் படிக்கும்போது சுமார் 200 சுற்றும் சுற்றுகிறது. 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் பிளேஸ்டேஷன் போன்ற பெட்டிகள் அதைவிட இரண்டு மடங்கு வேகத்திலும் படிக்கும்.

சுற்றும் வட்டு தட்டையாகவும் இருப்பதில்லை. அரை மில்லிமீட்டர் அளவுக்கு அது மேலும் கீழும் ஆடலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. ஆனால், லேசரைக் குவிக்கும் வில்லைக்கும் குழிகள் உள்ள தளத்துக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மைக்ரோமீட்டர் கூடினாலோ குறைந்தாலோ படம் மங்கத் தொடங்கிவிடும். அனுமதிக்கப்பட்ட ஆட்டம் 500 மைக்ரோமீட்டர். தாங்கக்கூடியதோ 2 மைக்ரோமீட்டர். இந்த இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

வில்லையையே ஆட விட்டுவிட்டார்கள். அது மெல்லிய வில்கம்பிகளில் தொங்குகிறது. பக்கத்தில் சிறு கம்பிச்சுருளும் காந்தமும் உள்ளன. சுருளில் மின்னோட்டம் பாயும்போது வில்லை மேலே எழும், கீழே இறங்கும். ஒலிபெருக்கியின் கூம்பு அசைவதும் இதே தத்துவத்தில்தான். வட்டு மேலே போனால் வில்லையும் மேலே போகும், வட்டு இறங்கினால் அதுவும் இறங்கும். நொடிக்குப் பலமுறை.

வட்டு மேலே போனது வில்லைக்கு எப்படித் தெரியும்? திரும்பி வரும் ஒளியை நான்காகப் பிரித்த ஓர் ஒளியுணரியில் விழச் செய்கிறார்கள். வழியில் உருளை வடிவ வில்லை ஒன்றும் உண்டு. தூரம் சரியாக இருந்தால் உணரியில் வட்டமான ஒளிப்புள்ளி விழும். தூரம் கூடினால் அது ஒரு பக்கம் சாய்ந்த நீள்வட்டம் ஆகும். குறைந்தால் மறுபக்கம் சாய்ந்த நீள்வட்டம். எதிரெதிர்க் கால்பகுதிகளில் விழும் ஒளியைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் எந்தத் திசையில் எவ்வளவு தவறு என்று தெரிந்துவிடும். உங்களில் கண்ணாடி போடுபவர்கள் சிலரின் சீட்டில் 'சிலிண்டர்' என்று ஓர் எண் இருக்கும். உங்கள் கண்ணில் தொல்லையாக இருக்கும் அதே குறையை இங்கே வேண்டுமென்றே உண்டாக்கி அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமைதான்.

மேல்கீழ் அசைவைப் போலவே பக்கவாட்டு அசைவும் வில்லைக்கு உண்டு. பாதையை விட்டு விலகாமல் இருக்க அது தேவை.

ஆனால், ஒன்று மட்டும் அந்த வில்லைக்குத் தெரியாது. சாயத் தெரியாது. மேலே, கீழே, உள்ளே, வெளியே போகும். தலையைச் சாய்த்துப் பார்க்க அதற்கு வழியில்லை. நம் மாணவரின் கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

தேய்ந்த தண்டவாளம்

வில்லை, லேசர், உணரி எல்லாம் ஒரு சிறு வண்டியில் அமர்ந்திருக்கின்றன. வட்டின் நடுவிலிருந்து ஓரம்வரை, ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் தூரம், அந்த வண்டி தண்டவாளத்தின்மேல் போய் வருகிறது. பாட்டு கேட்கும்போது அது மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்தால் போதும். விளையாட்டில் அப்படி இல்லை. இங்கே ஒரு படம், அங்கே ஓர் ஒலி, மறுபடி இங்கே என்று வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பெட்டிகளில் கேட்கும் 'கிரிக் கிரிக்' சத்தம் அதுதான்.

பிளேஸ்டேஷனின் தொடக்ககால மாடல்களில் அந்த வண்டியும் அது ஓடும் பாதையும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பிளாஸ்டிக்கின்மேல் பிளாஸ்டிக் உரசினால் தேயும். மேலும், லேசர் பகுதி மின்வழங்கிக்கு அருகில் அமைந்திருந்தது. சூட்டில் பிளாஸ்டிக் இளகும், இளகினால் இன்னும் வேகமாகத் தேயும். தேய்மானம் இரு பக்கமும் ஒரே அளவாக இருந்திருந்தால் பெரிய கேடில்லை; வில்லை கொஞ்சம் மேலே எழுந்து சரிசெய்துகொள்ளும். ஆனால், ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்தது. வண்டி சாய்ந்தது. பிற்கால மாடல்களில் வண்டியை உலோக வார்ப்பாக்கி, லேசர் பகுதியை மின்வழங்கியிலிருந்து தள்ளி வைத்தார்கள்.

எவ்வளவு சாய்ந்திருக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் அகலம் 40 மில்லிமீட்டர் என்றும், ஒரு பக்கம் கால் மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கால் மில்லிமீட்டர் என்பது நகல் எடுக்கும் தாள் இரண்டு மூன்றின் தடிமன். 0.25-ஐ 40-ஆல் வகுத்து, டான் மதிப்பிலிருந்து கோணத்தைக் கண்டால் ஏறக்குறைய 0.36 டிகிரி. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால், கண்ணாடியை ஒரு கோணம் திருப்பினால் எதிரொளிக்கும் கதிர் அதைப்போல் இரு மடங்கு திரும்பும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? இங்கே கண்ணாடி அசையவில்லை, கதிரை அனுப்பும் வண்டி சாய்ந்திருக்கிறது. விளைவு ஒன்றுதான். வண்டியிலிருந்து பார்த்தால், திரும்பும் கதிர் 0.72 டிகிரி விலகி வருகிறது.

அதோடு, சாய்வாக நுழையும் ஒளி 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக்கைக் கடக்கும்போது கூர்மையான புள்ளியாகக் குவியாமல், வால்நட்சத்திரம் போல ஒரு வால் முளைத்து நிற்கும். அந்த வால் பக்கத்துச் சுற்றில் உள்ள குழிகளின்மேல் விழும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் காதில் பேசினால் எப்படி இருக்கும்? அதே கதிதான்.

"கீறல் விழுந்த வட்டுகூட ஓடுகிறதே, இந்தச் சின்னச் சாய்வுக்கு ஏன் நின்றுபோகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கீறல் விழுவது வட்டின் மேற்பரப்பில். அங்கே லேசர் கற்றை இன்னும் குவியாமல், முக்கால் மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. சிறு தூசியும் மெல்லிய கீறலும் ஒளியில் கொஞ்சத்தை மட்டும் மறைக்கும். அதையும் மீறித் தகவல் தொலைந்தால், 1960-இல் ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் உருவாக்கிய பிழைதிருத்த முறை கைகொடுக்கும். தகவல்களைக் கலைத்துப் போட்டு எழுதி, கூடவே சரிபார்க்கும் எண்களையும் சேர்த்து எழுதியிருப்பதால், பாதையில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒன்றுமே தெரியாவிட்டாலும் காணாமல்போனதைக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். ஆனால், கீறல் ஓரிடத்தில்தான் இருக்கும். சாய்வோ ஐந்து கிலோமீட்டரும் கூடவே வரும். எல்லா இடத்திலும் பிழை என்றால் எந்தக் கணிதமும் தாங்காது.

விளையாட்டின் தொடக்கத்தில் வரும் சிறு படம் முதலில் திக்கித் திணறுவதும் இதனால்தான். விளையாட்டுக்கான தகவல் பிழையாக வந்தால் பெட்டி மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்கும்; 'ஏற்றுகிறது' என்ற திரை இன்னும் சில நொடி கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். ஓடும் படத்துக்கு அப்படித் திரும்பிப் போக நேரமில்லை.

சரி, கவிழ்த்தால் ஏன் ஓடுகிறது? வண்டிக்கும் தண்டவாளத்துக்கும் இடையே எப்போதும் சிறு இடைவெளி உண்டு. நேராக வைத்திருக்கும்போது புவியீர்ப்பு வண்டியைக் கீழே இழுத்து, தேய்ந்த பரப்பின்மேல் உட்கார வைக்கிறது. கவிழ்த்தால் அதே புவியீர்ப்பு, வண்டியை எதிர்ப்பக்கப் பரப்பின்மேல் உட்கார வைக்கிறது. அந்தப் பரப்பு இத்தனை ஆண்டுகளாகச் சுமை தாங்காதது, தேயாதது. அங்கே வண்டி நேராக உட்காரும். வட்டு கீழே விழாது, ஏனென்றால் நடுவில் உள்ள குமிழ் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆக, மாமா சொன்னது தவறில்லை. கவிழ்த்து வைத்தால் ஓடும், புதிய பக்கமும் தேய்ந்து முடியும்வரை.

தொடாதே என்றால் ஏன்?

இப்போது கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். "தூக்கிப் போடு" என்பது இயற்பியல் அல்ல, பண விஷயம். பழைய பெட்டிக்காக அவர் இரண்டு மணி நேரம் செலவழித்தால் அதற்கு யார் காசு கொடுப்பார்கள்? அவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயம்தான். ஆனால், "தொடாதே" என்றாரே, அதற்குக் காரணம் சொல்லவில்லை. காரணம் சொல்லாவிட்டாலும் காரணம் இருக்கிறது. இரண்டு காரணங்கள். இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

முதலாவது, மின்சாரம். அக்காலப் பெட்டிகள் பலவற்றில் மின்வழங்கி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நம் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் நேராக உள்ளே போகிறது. அங்கே அது நேர்மின்னோட்டமாக மாற்றப்படும்போது பெரிய மின்தேக்கியில் ஏறக்குறைய 325 வோல்ட் சேர்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னூட்டம் அங்கேயே காத்திருக்கலாம். மேசையில் கிடக்கும் பெட்டி செத்த பாம்பு போலத் தெரியும், ஆனால் கொத்தும். ஆகவே, மின்வழங்கி உள்ளே இருக்கும் எந்தப் பெட்டியையும் நீங்கள் தனியாகத் திறக்கக் கூடாது. அம்மா அப்பாவுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. மின்சாரம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

இரண்டாவது, லேசர். மூடி மூடியிருக்கும்வரை அது யாருக்கும் தீங்கு செய்யாது. திறந்தால் லேசரை நிறுத்திவிட மூடியின் ஓரத்தில் ஒரு சிறு சுவிட்ச் உண்டு. சிலர் அந்தச் சுவிட்சை ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வட்டில்லாமல் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். பளிச்சென்ற ஒளி கண்ணில் பட்டால் நாம் தானாகவே இமைத்துவிடுவோம், தலையைத் திருப்பிவிடுவோம். 780 நானோமீட்டர் ஒளி நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. தெரிந்தால் மங்கிய சிவப்புப் பொட்டாகத்தான் தெரியும். எனவே, கண் இமைக்காது. ஆனால், கண்ணின் வில்லை அந்த ஒளியையும் விழித்திரையில் குவிக்கும்.

அடுத்து, நண்பன் சொன்ன குட்டித் திருகு. அது லேசரின் வலிமையைக் கட்டுப்படுத்தும் மாறு மின்தடை. தொழிற்சாலையில் கருவி வைத்து அளந்து நிறுத்திய இடம் அது. அதைத் திருப்பினால் லேசர் பிரகாசமாகும், பிழைகள் குறைந்தது போல இருக்கும். நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, வீட்டிலிருந்த பழைய சிடி பிளேயரில் இதைச் செய்து பார்த்தேன். அன்று மாலையே பாட்டு அருமையாக ஓடியது. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு வாரம் கழித்து லேசர் அடியோடு போய்விட்டது.

அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். லேசர் டயோடு தாங்கும் ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் ஒளி வெளியேறும் அதன் நுண்ணிய முகப்பே கருகும். என் பிளேயரில் உண்மையான கோளாறு வில்லையில் படிந்திருந்த புகைப்படலம். சாமி மேடைக்குப் பக்கத்திலேயே பல ஆண்டுகள் இருந்த பிளேயர் அது, ஊதுவத்திப் புகை சும்மா விடுமா? சன்னலைத் துடைக்க வேண்டிய இடத்தில் விளக்கைக் கருகவிட்டிருக்கிறேன். ஆகவே, மூன்று அறிவுரைகளில் மிக ஊக்கமாகச் சொல்லப்பட்டதுதான் மிக மோசமானது.

தாளும் பொறுமையும்

மாணவரின் பெட்டியை அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் திறந்தோம். அது எந்த நிறுவனத்துப் பெட்டி என்று சொல்லப்போவதில்லை. இத்தனை ஆண்டு ஓடினால் எந்தப் பெட்டிக்கும் இது வரும். பிளக்கைப் பிடுங்கி ஒரு நாள் முழுக்க வைத்திருந்தோம். மின்வழங்கிப் பகுதியை நான் மட்டும் கையாண்டேன், மின்தேக்கியில் ஒன்றும் மிச்சமில்லை என்று மீட்டரால் அளந்த பிறகுதான் மாணவர்களை அருகில் வரவிட்டேன்.

முதல் வேலை துடைப்பது. பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு சொட்டு நனைத்து, வில்லையை மெதுவாகச் சுற்றித் துடைத்தோம். அழுத்தக் கூடாது, வில்லை தொங்குவது முடிபோன்ற கம்பிகளில். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் கூடவே கூடாது, பிளாஸ்டிக் வில்லையாக இருந்தால் அது மங்கிப் போகும். தண்டவாளத்தில் இருந்த பழைய கிரீஸ் பிசின் போலக் கெட்டியாகி, தூசியோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது. அதையும் நீக்கி, பிளாஸ்டிக்கைப் பாதிக்காத கிரீஸை மிகக் கொஞ்சமாகத் தடவினோம். மூடிப் பார்த்தோம். முன்னேற்றம் உண்டு, ஆனால் தொடக்கப் படம் இன்னும் திக்கியது. அப்படியானால் அழுக்கு மட்டும் காரணமில்லை.

அடுத்து, வண்டியின் தேய்ந்த காலுக்குக் கீழே இருந்த இடைவெளியை அளக்க வேண்டும். பள்ளிக்கூடங்களில் முன்பு ஓஎச்பி கருவிக்குப் பயன்படுத்திய ஒளிபுகும் தாள் நினைவிருக்கிறதா? உங்களுக்கு நினைவிருக்காது, உங்கள் அக்காவைக் கேளுங்கள். ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு கட்டு கிடந்தது. திருகு அளவியில் அளந்தால் ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர். சிறு துண்டுகளாக வெட்டி இடைவெளியில் நுழைத்துப் பார்த்தோம். இரண்டு துண்டு நுழைந்தது, மூன்றாவது நுழையவில்லை. எனவே, தேய்மானம் 0.2-க்கும் 0.3-க்கும் இடையில்.

அந்தத் துண்டையே வண்டியின் காலில் ஒட்டுவது என்று முடிவு செய்தோம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று ஆய்வறிக்கை எழுதும்போது சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. இங்கே மாணவர்களே அதைச் சொன்னார்கள். ஒரே வட்டு, ஒரே தொடக்கப் படம், ஒவ்வொரு முறையும் படம் எத்தனை இடத்தில் திக்குகிறது என்று எண்ணுவது. ஒரு தாள் ஒட்டியபோது திக்கல் ஏறக்குறைய பாதியானது. இரண்டு தாள் ஒட்டியபோது படம் தொடக்கம் முதல் கடைசிவரை ஓடியது. ஆய்வுக்கூடத்தில் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். ஆசை யாரை விட்டது? மூன்றாவது தாளையும் ஒட்டிப் பார்த்தோம். வண்டி இறுகிக்கொண்டது, மோட்டார் முனகியது, வட்டு ஓடவே இல்லை. மூன்றாவதை உரித்தோம்.

இந்த மாதிரிப் பெட்டிகளுக்கு வேறு வழியும் இருக்கிறது. வட்டு டிரைவையே எடுத்துவிட்டு, அதன் இடத்தில் நினைவக அட்டையிலிருந்து படிக்கும் மின்பலகையைப் பொருத்துகிறார்கள். பெட்டிக்கு வட்டு சுற்றுவது போலவே தோன்றும். வண்டியும் இல்லை, தேய்மானமும் இல்லை. வசதிதான். ஆனால், இரண்டு துண்டுத் தாளுக்கு நாங்கள் ஒரு சென்னும் செலவழிக்கவில்லை.

தீபாவளி விடுமுறை முடிந்து மாணவர் வந்தார். அண்ணன் வட்டைப் போட்ட கையோடு, பழக்க தோஷத்தில் பெட்டியைக் கவிழ்க்கப் போனாராம். தம்பி கையைப் பிடித்துத் தடுத்து, "இல்லை அண்ணா, நேராகவே வை" என்றிருக்கிறார். இரவு ஒரு மணிவரை விளையாடினார்களாம். ஐந்து வட்டுகளில் நான்கு நன்றாக ஓடுகின்றன. ஐந்தாவது இன்னும் ஓடவில்லை. அந்த வட்டை மேசையில் படுக்க வைத்துப் பார்த்தால் ஓர் ஓரம் லேசாகத் தூக்கி நிற்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தாள் துண்டுகளை வைத்தே அந்த ஓரம் எத்தனை மில்லிமீட்டர் தூக்கியிருக்கிறது என்று அளக்கலாம், அதிலிருந்து கோணத்தையும் கணக்கிடலாம்.